சர்க்கரை இல்லாத வீடு

எங்கள் வீட்டில் பேருக்குக்கூடச் சர்க்கரை கிடையாது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். யாராவது வீட்டுக்கு வந்தால் நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லிவிடுவேன். டீயைக் கொடுத்துவிட்டு அவர்கள் முதல் வாய் குடிப்பதை நின்று பார்ப்பேன். வந்தவர்கள் முகம் போகிற போக்கைக் காணச் சகிக்காமல் எங்கள் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் சட்டை தைக்கிற ஆலையில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். தைத்து முடித்த சட்டைகள் விளக்குப் போட்ட என் மேசைக்கு வரும். நூல் பிசிறு, விட்டுப்போன தையல், மயிரிழை இறங்கிய பொத்தான், எதுவானாலும் என் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. தப்புக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. அந்தக் கண்ணை ஆலை வாசலிலேயே கழற்றி மாட்டிவிட்டு வா என்றால் எப்படி முடியும்? "உனக்கு வீட்டுக்கு வந்தாலும் ஷிஃப்ட் முடியறதில்லம்மா" என்பார் அவர். முடியாதுதான். முடித்துக்கொண்டால் இந்த வீடு என்ன ஆவது.

அவருக்குச் சர்க்கரை நோய் என்று டாக்டர் சொன்ன அன்றே சமையலறையை அலசித் தள்ளிவிட்டேன். சர்க்கரை டப்பா, தேன், ஜாம், மகள் எப்போதோ விட்டுப்போன மிட்டாய் டப்பா எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போயின. அவர் வாசல் அறையில் மேசை போட்டு மிக்சி, மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி பழுது பார்க்கிறவர். நாள் முழுக்க உட்கார்ந்த இடத்து வேலை. நான் காலையில் போனால் சாயங்காலம்தான் திரும்புவேன். நடுவில் வாய் நமநமவென்று எதையாவது தேடும் என்பது எனக்குத் தெரியாதா? அதற்காகத்தான் ஒவ்வொரு விடுமுறை நாளும் ஓட்ஸும் கோதுமை மாவும் பிசைந்து, சர்க்கரை சேர்க்காமல் பிஸ்கட் சுட்டு டப்பா நிறைய வைத்துவிடுவேன். இனிப்புக்கு ஏதோ இலையிலிருந்து எடுக்கிற பொடி. சாப்பிட்ட பிறகு அடிநாக்கில் லேசாகக் கசக்கும். கசந்தால் என்ன, மருந்து கசக்காதா.

"எப்படி இருக்கு?" என்று கேட்டால், "பிரமாதம்" என்பார். அடுத்த விடுமுறைக்குள் டப்பாவும் காலியாகியிருக்கும். எனக்கு மனசு குளிர்ந்துவிடும்.

மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேனேஜர் எங்கள் நாய். மகள் கல்யாணமாகிப் போனபோது எங்களிடம் விட்டுப்போன பழுப்பு நாய். தான் ஒரு துரும்பைக்கூட நகர்த்தாமல், அடுத்தவர் வேலை செய்வதை மட்டும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பதால் இவர் வைத்த பெயர் அது. இவருடைய மேசைக்கு அடியில்தான் அவனுக்கு ஆபீஸ். இவர் திருப்புளியைக் கையில் எடுத்தால் அவன் தலையைத் தூக்குவான், கீழே வைத்தால் தலையைத் தாழ்த்துவான். பகலெல்லாம் இவர் அவனோடு ஓயாமல் பேசிக்கொண்டிருப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொல்வாள். எந்நேரமும் அப்படி என்ன பேச்சு என்று நான் கேட்டதில்லை.

மேசைக்குப் பின்னால் அலமாரியில் ஒரு பழைய மரப்பெட்டி ரேடியோ உண்டு. யாரோ பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு, திரும்பி வாங்க வரவே இல்லை. தூசி தட்டும்போதெல்லாம் கேட்பேன்.

"இதை எப்பதாங்க சரி பண்ணுவீங்க?"

"ஒரு பார்ட் வரணும்."

அந்தப் பார்ட் எந்தக் கடலைத் தாண்டி வந்துகொண்டிருந்ததோ, எனக்குத் தெரியாது.

விளங்காத சங்கதிகள் வேறு சிலவும் இருந்தன. இவ்வளவு கட்டுப்பாட்டுக்கும் அவருடைய ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இறங்கியபாடில்லை. என் கல்யாணத்துக்கு வந்த டீஸ்பூன்களில் ஒன்றைக் காணவில்லை. நாத்தனார்தான் மறந்தாற்போல எடுத்துப் போயிருப்பாள் என்று மனசுக்குள் அவளை வைதுகொண்டிருந்தேன். போதாததற்கு மேனேஜருக்குத் தொப்பை விழுந்திருந்தது. "மேனேஜர்னா தொப்பை இருக்கத்தானே செய்யும்" என்றார் இவர். நானும் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். சட்டையில் இருந்தால் கண்டுபிடித்திருப்பேன்.

அந்த நாத்தனார், அதாவது இவருடைய தங்கை, ஒரு முறை வந்தபோது புதிதாக ஓர் இனிப்புப் பொடி பாக்கெட் கொண்டுவந்தாள். பார்வைக்கு அச்சு அசல் சர்க்கரைதான்.

"மரத்துலருந்து எடுக்கறதாம் அண்ணி. சர்க்கரை மாதிரியே இருக்கும், ஆனா ஏறாது. ஒரு கெடுதலும் கிடையாது."

பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சர்க்கரை நோயாளிகள் சாப்பிடலாம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கீழே பொடி எழுத்தில் அந்தப் பொருளின் பெயர், வாயில் நுழையாத பெயர். அதற்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது என்று வைத்துவிட்டேன்.

அடுத்த விடுமுறை நாள் காலையில் அந்தப் பொடியைத் தாராளமாகப் போட்டுப் பிஸ்கட் சுட்டேன். ஓவனிலிருந்து எடுத்ததும் ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். பொய் சொல்வானேன், இத்தனை நாளில் முதல் தடவையாக நிஜமாகவே நன்றாக இருந்தது. கசப்பே இல்லை. நாக்கில் குளுகுளுவென்று கரைந்தது. தட்டோடு போய் அவர் எதிரில் நின்றேன்.

"இந்த தடவ வேற பொடி. தின்னு பாருங்க."

"சூடா இருக்கும்மா. வேலை பாத்துக்கிட்டே ஒண்ணொண்ணா திங்கறேன்" என்று கை கொள்ளுமட்டும் அள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆசையாக அள்ளுகிறாரே என்று எனக்குப் பூரிப்பு. துவைத்த துணியைக் காயப்போட மாடிக்குப் போனேன்.

இறங்கி வந்தபோது வாசல் அறையின் நடுவில் மேனேஜர் வாந்தி எடுத்து வைத்திருந்தான்.

"எந்தக் குப்பையில வாய வச்சிட்டு வந்தே?" என்று அவனை ஒரு பாட்டுப் பாடிவிட்டுத் துடைத்தேன். நாய் வாந்தி எடுப்பது ஊரில் இல்லாத அதிசயமா என்ன. ஆனால் வழக்கமாக நான் திட்டினால் அவன் காதை மடித்துக்கொண்டு மேசைக்கு அடியில் போய்ப் பதுங்குவான். அன்று எழுந்து நான்கு எட்டு வைத்தான், பின்னங்கால் இரண்டும் தனியாக ஒரு பக்கம் போயின. சுவரில் முட்டி நின்றான். வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தான்.

"ஏங்க, இவன் என்னத்தைத் தின்னான்?"

"ஒண்ணும் இல்லியே. எப்பவும் போலதான்."

அந்தப் பதிலை அவர் ரொம்ப வேகமாகச் சொன்னார். நான் அதைக் கவனிக்கத் தவறினேன். கண் முழுக்க நாய் மேலேயே இருந்தது. அவன் மெல்ல உட்கார்ந்தான், பிறகு சரிந்தான். உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓட ஆரம்பித்தது.

"உப்புத் தண்ணி கரைக்கறேன். உள்ள இருக்கறதெல்லாம் வெளிய வந்துரட்டும்" என்று சமையலறைப் பக்கம் திரும்பினேன்.

அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. நாயின் பக்கத்தில் குத்துக்காலிட்டு, நடுங்கும் அந்த முன்னங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"எனக்கு வர்ற மாதிரியே இருக்கு" என்றார்.

"என்ன வர்ற மாதிரி?"

"இது லோ ஷுகர். இப்படித்தான் கை நடுங்கும். கால் தனியா போகும். எதிர்ல நிக்கறவங்க முகம் தெரியாது." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "பிஸ்கட் தின்னான். நான்தான் குடுத்தேன். எல்லாத்தையும்."

எனக்கு அதில் பாதிதான் மண்டையில் ஏறியது. தடுப்பூசி அட்டை குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும். அதில் கால்நடை டாக்டரின் எண் இருந்தது. நல்லவேளை, விடுமுறை நாளிலும் அந்தம்மா எடுத்தார். நடந்ததைச் சொன்னேன். உப்புத் தண்ணீரையும் சொன்னேன்.

"அதைக் குடுத்துடாதீங்க. உப்பு வேற ஏறினா அது தனி வெனை. நீங்களா வாந்தி எடுக்க வைக்காதீங்க. பிஸ்கட்ல என்ன இனிப்பு போட்டீங்க? பாக்கெட் இருக்கா? பொடி எழுத்துல என்ன போட்டிருக்குன்னு படிங்கம்மா."

எழுத்துக் கூட்டிப் படித்தேன். "சை…லிட்…டால்."

எதிர்முனையில் டாக்டரின் குரல் மாறியது.

"சரி, கவனமா கேளுங்க. உடனே கிளம்பி இங்க வாங்க. பாக்கெட்டைக் கையோட கொண்டுவாங்க. கிளம்பறதுக்கு முன்னால கொஞ்சம் தேனோ சர்க்கரைப் பாகோ விரல்ல தொட்டு ஈறுல தடவுங்க. வாய்க்குள்ள ஊத்தாதீங்க, மூச்சுக்குழல்ல போயிடும். வர்ற வழியிலயும் தடவிக்கிட்டே வாங்க."

"எங்க வீட்ல சர்க்கரையே கிடையாதுங்க டாக்டர்."

எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம், அதே தோரணையில் வாயிலிருந்து வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது.

"பக்கத்து வீட்ல வாங்குங்கம்மா."

ஓடினேன். பக்கத்து வீடு பூட்டியிருந்தது. எதிர் வீட்டுக்காரர்கள் ஊரிலேயே இல்லை. தெருமுனைக் கடை அன்றைக்கென்று அடைத்துக் கிடந்தது. செருப்புகூடப் போடாமல் நடுத்தெருவில் நின்றுகொண்டு, ஒரு ஸ்பூன் சர்க்கரைக்கு இப்படி நிற்கிறோமே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திரும்பி வீட்டுக்குள் வந்தேன்.

அவர் ரேடியோவைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

இந்த மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்றுதான் முதலில் நினைத்தேன். அதன் பின்பக்கப் பலகையில் ஒரு திருகுகூட இல்லை. விரல் நுனியால் ஒரு தட்டுத் தட்டினார், கதவு மாதிரித் திறந்துகொண்டது. உள்ளே ரேடியோ இல்லை. தேன் பாட்டில் இருந்தது, பாதி காலி. ஒரு சின்ன டப்பாவில் சர்க்கரை. நான் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தவற்றையெல்லாம் தோற்கடிக்கிற மாதிரி வண்ணக் காகிதம் சுற்றிய சாக்லேட்டுகள். ஒரு துணியில் கழுவித் துடைத்துச் சுற்றி வைத்திருந்தது என் டீஸ்பூன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, "வண்டிய எடுக்கறேன்" என்று வெளியே போனார்.

மேனேஜரைப் பழைய போர்வையில் சுற்றி மடியில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தேன். ஒரு கை அவனை அணைத்திருந்தது, இன்னொரு கை விரல் தேனில். வெளிறிப்போயிருந்த அந்த ஈறில் தடவினேன், மறுபடி தடவினேன். ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் அவன் தலை துணிப்பை மாதிரி ஆடியது. கிளம்பியதிலிருந்து நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். பாதி வழியில் ஒரு சின்ன நாக்கு என் விரலைத் தொட்டது. "நக்கறான்ங்க" என்றேன். அவர் தோள்கள் குலுங்கின.

டாக்டர் அவன் காது மடலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஒரு குட்டி மிஷினில் வைத்தார். எங்கள் வீட்டில் இருப்பது போன்ற மிஷின்தான். எண் வந்ததும் வாயால் சொல்லாமல் எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். நானும் அவரும் அந்த எண்களைப் படிக்கத் தெரிந்தவர்கள். அதற்கு மேல் யாரும் எங்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

முன்னங்காலில் ஊசி ஏற்றி குளுக்கோஸ் ஓடத் தொடங்கிய பிறகுதான் டாக்டர் பேசினார்.

"மனுஷங்களுக்கு இந்தப் பொடி ஒண்ணும் பண்ணாது. நாய் உடம்பு இதைச் சர்க்கரைன்னு நம்பி ஏமாந்துடும். சர்க்கரை வந்திருச்சுன்னு இன்சுலினைக் கொட்டும், உள்ள இருக்கறதும் சேர்ந்து எறங்கிடும். ஐயா, எத்தனை பிஸ்கட் குடுத்தீங்க? குறைச்சுச் சொல்லாதீங்க. அவன் எடைக்கு அது எவ்வளவுன்னு எனக்குத் தெரியணும்."

"ஒன்பது, டாக்டரம்மா" என்றார் அவர். ரொம்ப மெதுவாக.

"இதுக்கு முன்னால குடுத்திருக்கீங்களா?"

இவர் திருதிருவென்று முழித்தார். "அது… வேற பொடி."

"அந்த இலைப் பொடி இப்படிப் பண்ணாது. நமக்கு ஆகறது இவங்களுக்கும் ஆகும்னு நெனைக்கறதுலதான் பாதிப் பேர் இங்க வர்றாங்க. போன மாசம் ஒருத்தர், உடம்புக்கு நல்லதுன்னு தினமும் தன் நாய்க்கு உலர்ந்த திராட்சை ஊட்டிட்டு வந்தாரு. பாசமாத்தான் ஊட்டினாரு. கிட்னி போச்சு." கையுறையைக் கழற்றினார். "வாந்தி, எச்சில், தள்ளாட்டம், இதுல ஒண்ணைப் பாத்தாலும் மொதல்ல என்ன தின்னான்னு பாருங்க. தானா சரியாகும்னு காத்திருக்காதீங்க. இன்னிக்கு நீங்க சட்டுனு வந்ததும் தேன் தடவினதும்தான் காப்பாத்துச்சு. ஆனா கல்லீரல் இருக்கு. ரெண்டு மூணு நாள் கழிச்சும் கெடலாம். இங்கயே இருக்கட்டும், தினமும் ரத்தம் பாத்துச் சொல்றேன்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். எதிர்ச் சுவரில் பூனைக்குட்டி ஒன்றின் படம். கண்ணாடிக் கதவு வழியே மேனேஜரின் வாலும் ஒரு பின்னங்காலும் மட்டும் தெரிந்தன. என் விரல்கள் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தன.

"எத்தன நாளா?" என்றேன்.

"என்ன எத்தன நாளா?"

"பிஸ்கட்டுங்க."

"ஆரம்பத்துலருந்து."

"ஒண்ணுகூட தின்னதில்லியா?"

"மொத நாள் ஒண்ணு தின்னேன்."

"பிரமாதம்னு சொன்னீங்களே, வாராவாரம்."

"நீ எதிர்லயே நின்னியேம்மா."

வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினேன். இன்று காலை பிஸ்கட் நன்றாக இருந்தது, ஒன்றை வாயில் போட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்று சொல்ல நினைத்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது. அதைவிட முக்கியமாக வேறொன்றைக் கேட்க வேண்டியிருந்தது.

"உங்களுக்கு வர்ற மாதிரின்னு சொன்னீங்க. உங்களுக்கு எப்ப வந்துச்சு?"

அவர் அந்தப் பூனைப் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீ வேலைக்குப் போயிருந்தே. மாத்திரை போட்டுட்டு, பிஸ்கட்ட இவனுக்குப் போட்டுட்டு, சோத்த அப்புறம் திங்கலாம்னு ஒரு மோட்டாரைப் பிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். திருப்புளி கையில நிக்கல. வேர்த்துக் கொட்டுச்சு. மேசைக்குக் கீழ உக்காந்துட்டேன். மேனேஜர் மூஞ்சிய நக்கிக்கிட்டே இருந்தான். வீட்ல ஒண்ணும் இல்ல. தவழ்ந்து வாசலுக்குப் போய், பக்கத்து வீட்டுப் பாப்பாகிட்ட மிட்டாய் கேட்டு வாங்கித் தின்னேன்."

"என்கிட்ட சொல்லல."

"சொன்னா நீ விட மாட்டே. மாத்திரை எப்ப போட்டீங்க, அப்புறம் என்ன தின்னீங்க, பிஸ்கட் தின்னீங்களான்னு இழுத்துக்கிட்டே போவே. பிஸ்கட் வெளிய வந்துடும். அதான் தேன் வாங்கி வச்சேன். அவசரத்துக்குன்னுதான் வச்சேன், சத்தியமா." தலையைச் சொறிந்தார். "அப்புறம் அவசரம் அடிக்கடி வர ஆரம்பிச்சிருச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாய் உள்ளே சாகக் கிடக்கிறது, நான் வெளியே சிரிக்கிறேன். சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறிவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன்.

"நான் என்ன புலியாங்க? என்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்வீங்க?"

"மேனேஜர்கிட்ட சொன்னேன்" என்றார்.

அவர் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. என்னைக் குத்துவதற்காகவும் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். பகலெல்லாம் அந்த மேசைக்கு அடியில் என்ன பேச்சு நடந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பாப்பா அன்று பள்ளிக்கூடம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தேன். சாயங்காலம் நான் வந்து கதவைத் திறந்திருப்பேன். ஒரு மணி சர்க்கரை இல்லாத என் சுத்தமான சமையலறை பளபளவென்று இருந்திருக்கும். இவர் மேசைக்கு அடியில் கிடந்திருப்பார். அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். தேன் பிசுபிசுப்பில் இரண்டு கையும் ஒட்டிக்கொண்டன.

அடுத்த இரண்டு மூன்று நாட்களும் நாங்கள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஆலையில் என் மேசையைத் தாண்டி ஒரு காலர் கோணலாகப் போய்விட்டது என்று சூப்பர்வைசர் கூப்பிட்டுச் சொன்னார். போகட்டும் என்று நின்றேன். நாத்தனார் போனில் அழுதாள். "மரத்துலருந்து எடுத்ததுதானே அண்ணி, கெடுதல் இல்லன்னாங்களே." "நமக்கு இல்லம்மா. அவனுக்குத்தான். உன் மேல தப்பு இல்ல" என்றேன். ஸ்பூன் விஷயத்தையும் சேர்த்து மனசுக்குள் அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். கடைசியில் ஒரு பகலில் டாக்டர் கூப்பிட்டு, கல்லீரல் தப்பிவிட்டது, வந்து கூட்டிப் போங்கள் என்றார். மேனேஜர் எங்களைப் பார்த்ததும் வாலை ஆட்டினான். இவர் சட்டைப் பையை மோந்து பார்த்தான். பை காலி என்றதும் என் பையை மோந்தான். தொப்பை கொஞ்சம் வடிந்திருந்தது.

வீட்டுக்கு வந்தபின் இவரை இவருடைய டாக்டரிடம் அழைத்துப் போனேன். நடுக்கம், வேர்வை, மிட்டாய், சாக்லேட், எல்லாவற்றையும் அவரே சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். டாக்டர் மாத்திரையின் அளவை மாற்றினார், நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அவசரத்துக்கு வீட்ல சர்க்கரை வச்சிருக்கீங்கல்லம்மா?"

"இனிமே இருக்கும்" என்றேன்.

அந்தப் பொடி பாக்கெட்டும் சாக்லேட்டும் குப்பைக்குப் போயின, அதுவும் நாய் திறக்க முடியாத மூடி போட்ட குப்பைத் தொட்டிக்கு. சமையலறை அலமாரியில், கண்ணுக்கு எதிரில், ஒரு கண்ணாடி பாட்டிலில் சர்க்கரை வைத்தேன். பக்கத்தில் அந்தத் திரும்பி வந்த டீஸ்பூன். "திங்கறதுக்கு இல்ல, நடுக்கத்துக்கு" என்றேன். அவர் தலையாட்டினார். முன்பு பிரமாதம் என்று சொன்னதும் இதே தலைதான் என்பதால் எனக்கு முழு நம்பிக்கை வந்துவிடவில்லை. பாட்டிலின் மட்டத்தைப் போகும்போதும் வரும்போதும் பார்த்தேன். பார்க்காமல் இருக்க நான் வேறு பிறவிதான் எடுக்க வேண்டும்.

சில வாரங்கள் மட்டம் இறங்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் ஆலையிலிருந்து வந்து, கால் கழுவிவிட்டுச் சமையலறைக்குள் போனேன். பாட்டில் ஒரு விரல்கடை குறைந்திருந்தது. பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் அந்த டீஸ்பூன் கிடந்தது. கழுவாமல் கிடந்தது. அடியில் நாலைந்து மணி சர்க்கரை ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பழைய ஆளாக இருந்தால் அங்கிருந்தே குரல் கொடுத்திருப்பேன். குரல் தொண்டை வரைக்கும் வந்தும் விட்டது. ஆனால் என் கண் அந்த ஸ்பூனை விட்டு நகரவில்லை. ரேடியோவுக்குள் இருந்தபோது அதைக் கழுவி, துடைத்து, துணியில் சுற்றி வைத்திருந்தார். தடயம் வைக்காத மனுஷன். இன்று நான் பார்க்கும்படி போட்டிருக்கிறார்.

வாசல் அறைக்குப் போனேன். அவர் ஒரு மின்விசிறியைப் பிரித்துக்கொண்டிருந்தார். மேனேஜர் கீழே படுத்து மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தான். இருவரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள்.

"நடுக்கம் வந்துச்சா?" என்றேன்.

"ம். மத்தியானம். சாப்பிட நேரமாயிடுச்சு." திருப்புளியைக் கீழே வைத்தார். "வந்ததும் உன்கிட்ட சொல்லணும்னுதான் உக்காந்திருக்கேன்."

நான் மேனேஜருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"சொல்லுங்க" என்றேன்.